ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் அதைப் படிக்கும்போது பிள்ளைக்கு 13 வயது. மாதவிடாய் 9, 10 வயதிலேயேகூட வந்துவிடலாம். பல பெண்களுக்கு அந்தப் பாடம் முடிந்துபோன கதை.

எனக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. முந்தின நாள்தான் வாடகை சைக்கிளில் பழகப் போய் விழுந்திருந்தேன். உள்ளே எங்கோ அடிபட்டுவிட்டது, அம்மாவுக்குத் தெரிந்தால் உதைதான் என்று இரண்டு நாள் பாவாடையை நானே அலசி மறைத்தேன். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். அப்புறம் ஓலைக் குச்சு, உளுந்தங்களி, நல்லெண்ணெய், தாய்மாமன் சீர், பந்தல். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. என்ன நடந்தது என்று என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சைக்கிளால் வந்த வினை என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது கூடுதலாக ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறார்கள்.

புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின் என்று கொடுக்கிறீர்கள். பழைய சேலைத் துணியை யார் கண்ணிலும் படாமல் தொழுவத்து நிழலில் காயப்போட்டவள் நான். அதன் அருமை தெரியும். ஆனால் பேப்பரில் சுற்றிக் கையில் திணித்தால் ஆயிற்றா? ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள். ஒட்டும் பக்கம் எது, நனையாவிட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் ஏன் மாற்ற வேண்டும், கழற்றியதை எங்கே போடுவது என்று சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி தவறித்தான் வரும், 45 நாள்கூட ஆகலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஒரு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியட்டும்.

ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பையன்களை விளையாட அனுப்பிவிடாதீர்கள், அவர்களும் கேட்கட்டும். ஆண் ஆசிரியர் மட்டும் இருக்கும் பள்ளி என்றால் கிராம சுகாதார செவிலியரை அழைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாக்கள் நாங்களும் இருக்கிறோம்.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு நான் சொல்லிவிட்டேன். இடைவேளையில் தோழிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம். அவள் சொல்வதில் பாதி சரி, மீதி அவளே சேர்த்துக்கொண்டது.

இப்படிக்கு,
ஓர் அம்மா