மேலுக்கு ஒன்றும் செய்யாதபோதே: ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆச்சிமார்களே, அண்ணாச்சிமார்களே, அக்கா தங்கைகளே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய நமது சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வெள்ளத்தால் டிசம்பர்க் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வாறுகால் சீரமைப்பு, தெருவிளக்கு, படிப்பக விவரங்கள் தனித்தாளில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

உடல்நலத்துக்கே இந்த ஆண்டு முதலிடம் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்திருந்தது. ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

சங்கக் கட்டடத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்கள் நடத்தினோம். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டபோது அதிகம் கேட்ட பதில், "எனக்குத்தான் ஒண்ணுஞ் செய்யலியே, எதுக்குப் பாக்கணும்?" என்பதுதான். இந்த இரண்டு நோயும் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதுதான் உள்ளே வேலை பார்க்கின்றன. பிரஷர் 140/90-க்கு மேல் பல ஆண்டுகள் இருந்தாலும் தலை வலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையில் 6.5 சதவீதம், அதற்கு மேல் என்று வந்தால் அது நீரிழிவு. அந்த அளவில் ஆள் வயலுக்கும் போவார், கல்யாண வீட்டுக்கும் போவார். கண், சிறுநீரகம், பாத நரம்பு மூன்றும் சத்தமில்லாமல் கெட்ட பிறகுதான் தெரியவரும். நாம் வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். பாதம் மரத்துப்போனவருக்கு முள் ஏறியதே தெரியாது. சீழ் வைத்த பிறகு பார்த்தால் விரலை எடுக்கும் நிலை வந்துவிடுகிறது. இரவு படுக்குமுன் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

கருப்பட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். நம் மண்ணின் பண்டம் என்பதால் எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் நீரிழிவுக்காரருக்கு அது மாற்று ஆகாது.

முகாமில் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்த பிறகு மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "பிரஷர் சரியாயிட்டு, நிப்பாட்டிட்டேன்" என்கிறார்கள். சரியானது மாத்திரையால், நிப்பாட்டினால் பழையபடி ஏறும். நம் உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் ஒரு விடிகாலையில் வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. பித்தமாக இருக்கும், வெயில் ஏறட்டும் என்று வீட்டார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள். மூளை இரத்தக் குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர் அந்த நேரத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். இன்று கம்பு ஊன்றி நடக்கிறார். இதை இங்கே சொல்லச் சொன்னவரே அவர்தான். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எண்ணெய், கசாயம், நாள் நட்சத்திரம் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

டிசம்பர் 17, 18 வெள்ளம் நமக்கு இதை இன்னும் கடுமையாகக் காட்டியது. மாஞ்சோலை மலையில் கொட்டிய மழையும் அணைகளில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி கரை மீறி வந்தபோது, ஆற்றோரத் தெருக்காரர்கள் உடுத்திய துணியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சோறு, பாய், போர்வை எல்லாம் இளைஞர்கள் சேர்த்துவிட்டார்கள். மாத்திரைக்குத்தான் திண்டாடினோம். என்ன மாத்திரை என்று கேட்டால், "வெள்ளையா இருக்கும், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்பதற்கு மேல் பலரால் சொல்ல முடியவில்லை. சீட்டும் தண்ணீரோடு போய்விட்டது. ஒரு ஆச்சிக்குக் கையிலிருந்த சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு வரும்வரை காத்திருந்ததில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தடுமாறியது. அது சர்க்கரை தாழ்ந்துபோனதால் வந்தது. பக்கத்தில் இருந்த மதினி சீனியைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த நேரத்தில் மட்டும் இனிப்புதான் மருந்து, கருப்பட்டியும் கொடுக்கலாம். நினைவு முழுக்கத் தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அதிலிருந்துதான் நம் மாத்திரைச் சீட்டு வேலை பிறந்தது. மாத்திரையின் பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஒரு வாரத்துக்கான மாத்திரையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளம்பும்போது கைக்கு எட்டும் இடத்தில் மாட்டச் சொல்லிவருகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்தும் வைக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோது இன்சுலின் கெட்டுவிடுமே என்று பயந்து ஊசியையே விட்டவர்களும் உண்டு. பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். தண்ணீர் நிறைந்த மண்பானைக்குள் உறையிட்டு, நனையாமல் வைத்தால் போதும்.

வெள்ளம் வடிந்த பிறகு சகதி அள்ளியவர்களிடம், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்கச் சொன்னோம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள வெடிப்பு வழியே கிருமியை ஏற்றிவிடும். தொடக்கத்திலேயே பார்த்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகக்கூடியது.

இனி நம் பீடி சுற்றும் பெண்கள். இதை அவசரமாகக் கடக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் நம் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அவர்கள் கையால். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தலை குனிந்து, காலை மடக்கி நாள் முழுக்க இருக்கிறார்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்காமல் என்ன செய்யும்? வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரையைத் தினம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் ஆபத்து அதிகம். பிசியோதெரபி படித்த நம் தெருப் பெண் வந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்காருவது, சுளகைப் பலகைமேல் உயர்த்தி வைப்பது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தைத் திருப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். செய்தவர்கள் வலி குறைகிறது என்கிறார்கள். கூலி குறையுமே என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் படுத்துவிட்டால் மொத்தக் கூலியும் போகும்.

புகையிலைத் தூள் மூச்சோடு மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசையக் கூடாது. கைக்குழந்தையைச் சுளகுப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. இந்தப் பெண்கள் பலருக்கு இரத்தமும் குறைவு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீரோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைத் தண்ணீரோடு சாப்பிடலாம். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம். பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்கள் முக்கூடலில் அவர்களுக்கென்றே உள்ள மருத்துவமனையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் துணைக்கு வரச் சங்க மகளிர் அணியினர் தயாராக இருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு இரத்த அழுத்தக் கருவி வாங்குவது, மாத்திரைச் சீட்டு இன்னும் போய்ச் சேராத கீழத்தெரு வீடுகளை ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது, ஆண்களுக்கான முகாமை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பது. முகாமுக்கு வந்தவர்களில் பெண்களே அதிகம். அண்ணாச்சிமார்கள் டீக்கடை பெஞ்சிலிருந்து நாலு எட்டு நடந்து வர வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

முகாம்களுக்கு வந்து உதவிய செவிலியர்கள், கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், வெள்ளத்தில் இரவெல்லாம் நின்ற இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, மேற்கண்ட மூன்று முன்மொழிவுகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்