அந்தக் கம்பத்தைத் திருப்பிக் கொடுங்கள்: வார்டு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வார்டு பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தக் கம்பம் என்று உங்களுக்கே தெரியும். மழைநீர் வடிகால் வேலைக்கு ஜேசிபியோடு வந்தவர்கள் காஸ் கட்டர் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிப் போனார்களே, வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏற்றிய நட்சத்திரத் தாத்தா வீட்டு வாசலில் நின்றது, அதுதான். அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வடிகால் வேண்டாம் என்று காசிமேட்டில் எவரும் சொல்லமாட்டார். ஆனால் வடிகால் போவது சுவருக்கு வெளியே. கம்பம் நின்றது சுவருக்கு உள்ளே, ஒன்பது அங்குலம் தள்ளி. அறுத்த அடி இன்னும் தரையிலேயே இருக்கிறது. டேப் போட்டுப் பார்க்கலாம்.

கேட்க வந்த பாட்டியை மூன்று முறை மாடி ஏறவைத்திருக்கிறீர்கள். முதல் முறை, "பில் இருக்கா?" இரண்டாம் முறை, உரிமைச் சான்று. மூன்றாம் முறை, பொருளின் அடையாளத்தை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வெள்ளைத் தாள். துறைமுகத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், காயலான் கடையில் எடை போட்டு வாங்கி, தன் கையால் பற்றவைத்த பைப்புக்கு யார் பில் கொடுப்பார்கள்? பாட்டிக்கு அதன் அளவெல்லாம் தெரியாது. அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். ஆகவே அடையாளத்தை நாங்கள் எழுதுகிறோம்.

இரண்டங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாக முலாம் பூசிய இரும்பு), அறுத்தது போக 9 அடி. அதற்குள் ஒன்றரை அங்குல பைப் இன்னொன்று, அதுவும் 9 அடி. உள்ளதை மேலே இழுத்து, இரண்டடியை உள்ளேயே விட்டு, குறுக்கே போல்ட் போட்டால் மொத்தம் 16 அடி. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுண்டுவிரல் நுழையும் துளை இருக்கும். துரு தின்ற ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள், அவரே போட்டது. பைப்புக்குள் இறங்கும் மழைத்தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் இரும்பு உள்ளிருந்து இற்றுப்போகும். வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் மடிந்து விழும். உச்சியில் ஒரு பித்தளைக் கப்பி, பழைய படகிலிருந்து கழற்றியது. இரும்புக் கப்பியாக இருந்தால் இந்த உப்புக்காற்றில் ஒரே வருஷத்தில் இறுகிக்கொள்ளும். மேலே போன நட்சத்திரம் இறங்காது. (பித்தளை மட்டும் தனியாகக் காணாமல் போயிருந்தால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.)

இறங்குவதுதான் முக்கியம். துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏறினால் தாத்தா வீட்டு நட்சத்திரம் இறங்கும். இந்தத் தெருவுக்கு அதுவே வானிலை அறிக்கை. 2016 டிசம்பர் 12, வர்தா அடித்த அன்று மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது. கம்பம் நின்றது, ஏனென்றால் அதன் மேல் காற்றுப் பிடிக்க எதுவும் இல்லை.

நட்சத்திரத்தை நாங்களே கட்டிக்கொள்வோம், கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். 6 அடி மூங்கில் பிளாச்சு பத்து. ஐந்தைப் பாய் முடைவதுபோல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக விட்டால் ஒரு முகம், அதேபோல் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஐந்து முனைகளையும் கட்டிவிட்டு, உள்மூலை ஐந்திலும் ஓரடிக் குச்சியை நெம்பி நிறுத்தினால் வயிறு உப்பிக்கொள்ளும். சணல் மழையில் தளரும், கட்டுக்கம்பிதான் சரி. காகிதம் ஒட்டும் மைதா பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடாவிட்டால் பூச்சி அரிக்கும். எல்லோரும் செய்கிற தப்பு, பின்பக்கத்தையும் முழுக்க மூடிவிடுவது. மூடினால் அது நட்சத்திரம் இல்லை, காற்றுப் பிடிக்கும் படகுப் பாய். கீழ்க்கால் இரண்டின் பின்பக்கத்தை அவர் திறந்தேதான் விடுவார்.

உள்ளே பழைய சீரியல் செட். 6 வோல்ட் பல்பு 38 போட்டால் 228, வீட்டு மின்சாரத்துக்குக் கணக்கு சரியாக வரும். ஒரு பல்பு போனதும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை முறுக்கிவிடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. போன பல்பின் பங்கையும் மீதி பல்புகள் சுமக்கும், கொஞ்ச நாள் பிரகாசமாக எரியும், பிறகு ஒவ்வொன்றாகப் போகும்.

இத்தனையும் தெரிந்து என்ன பயன், ஏற்றக் கம்பம் வேண்டுமே. மின்கம்பத்தில் கட்டலாம் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். மார்கழி ஈரத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்புத் தோரணம், ரம்ஜானுக்குப் பிறை, விநாயகர் சதுர்த்திக்கு நாலு முழக் குடை, எல்லாம் ஏறியது அந்த ஒரே கம்பத்தில். அதைத் திருப்பிக் கொடுங்கள்.

ஆக்கிரமிப்பு என்கிறீர்கள். மெயின் ரோட்டில் போன மாதம் தாரைக் குத்திச் சவுக்குக் கட்டை நட்டு, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சிரிப்பை நிறுத்தினார்களே, அதற்குப் பில் கேட்டீர்களா? அந்தச் சிரிப்பு போய்விட்டது, குழிகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் ஒரு ஷேர் ஆட்டோவின் முன்சக்கரம் அதில் இறங்கியது. அங்கே போகாத காஸ் கட்டர், வீட்டில் துக்கம் விழுந்து மாதம் திரும்பாத வாசலுக்கு மட்டும் எப்படி வழி தெரிந்து வந்தது?

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. கம்பத்தோடு போன சாக்கு மூட்டையும் உங்கள் டிப்போவில்தான் இருக்க வேண்டும். உள்ளே 24 தெர்மாகோல் வலை மிதவைகள், சிவப்பும் பச்சையும். பார்க்கக் குப்பைபோல இருக்கும். தெர்மாகோலில் நேராக எனாமல் அடித்தால் கரைந்து குழி விழும் என்பதால், தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு கோட் கொடுத்துக் காயவைத்து, மேலே எமல்ஷன் அடித்தவை. தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

கம்பம் நவம்பர் 20க்குள் கிடைத்தால்தான் டிசம்பர் 1க்கு நட்சத்திரம் ஏறும், கான்கிரீட்டை ஏழு நாள் நனைக்க வேண்டும். அறுத்த இடத்தில் ஒட்டவைத்தால் முலாம் போன இடம் உப்புக்காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். ஆகவே பழைய அடியைத் தோண்டிப் போட்டுவிட்டு, இருக்கும் பைப்பில் இரண்டடியைப் புதைக்கப்போகிறோம். 16 அடி 14 ஆகும். தாத்தா போட்ட துளை மண்ணுக்குள் போய்விடும், புதிதாக ஒன்று போட்டுக்கொள்கிறோம். உயரம் குறைந்ததற்கு உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

கம்பத்தை மட்டும் கொடுங்கள். லாரி அனுப்ப வேண்டாம். எந்த நாள் என்று சொன்னால் காலை பத்து மணிக்கு மீன்பாடி வண்டியோடு டிப்போ வாசலுக்கு வந்துவிடுகிறோம், கயிறும் எங்களுடையதே. கையெழுத்துப் போட பாட்டியும் வருவார், மாடி ஏறச் சொல்லாமல் கீழேயே முடித்து அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருக்காரர்கள்