தேய்ப்பு வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைக்குத்தான் சேற்று வாடை இல்லாமல் வீட்டில் ஒரு பொழுது விடிந்தது. இப்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். சுவர் காய்ந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போய், நானும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டால் இந்த நன்றி மனதில் ஆறிப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆறுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

புயலைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் ரெயின்போ நகரில் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போன நான்கு தம்பிகளுக்கும், மாடி வீட்டைத் திறந்துவிட்டு "எத்தனை நாள் வேணுமோ இருங்க" என்று சொன்ன எதிர்வீட்டு அக்காவுக்கும், எங்கள் அன்பியத்துக் (பங்குக் கோயிலின் அக்கம்பக்கக் குழு) குடும்பங்களுக்கும், பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் இருந்து அண்டாவோடு சோறு கொண்டுவந்தவர்களுக்கும், டிராக்டர் ஓட்டிவந்த அண்ணனுக்கும், இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பத்தைச் சரிசெய்த மின்துறை ஊழியர்களுக்கும், ஒரு துடைப்பத்தோடு வந்து ஒரு பகல் முழுக்க எங்களோடு சேறு தள்ளிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். உங்களில் யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு நாளும் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா கொத்தனார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாற்பது வருடம் கரணையும் ரசமட்டமும்தான் அவருக்குக் கை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இருதய ஆண்டவர் கோயில் எங்கள் பங்குக் கோயில் என்பதைவிட, அப்பாவுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகும் அவர் வர மாட்டார். தூணைத் தடவிக்கொண்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு உள்ளேயே நிற்பார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதுவார். அட்டைமேல் "இருதய ஆண்டவர் கோயில் கணக்கு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கையெழுத்தில் எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். நோட்டு ஊறிப்போய் ஒரே கட்டியாக, ஈர இட்லி மாவு மாதிரி கனத்தது. பக்கத்தைப் பிரித்தால் கையோடு வந்துவிடும் போல இருந்தது. அழக்கூட நேரம் இல்லை. பையனுடைய சீருடையை எப்படியாவது காயவைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போன பையிலேயே நோட்டையும் போட்டுக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மெயின் ரோட்டின் மேட்டில் நம் தேய்ப்பு வண்டி அண்ணன் வண்டியை ஏற்றி நிறுத்தியிருந்தார். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் அவருடைய கரிப்பெட்டி ஒன்றுதான் சூடாக இருந்த இஸ்திரி. அவரைச் சுற்றி ஈரத்துணியோடு பத்துப் பதினைந்து பேர். கரி மூட்டையில் முக்கால்வாசி நனைந்துவிட்டது. வண்டிக் கூரைமேல் தார்ப்பாய்க்குள் சொருகியிருந்த கால் மூட்டை கொட்டாங்குச்சிக் கரிதான் காய்ந்தது. அதை அவர் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சீருடையை எடுக்கும்போது நோட்டு கண்ணில் பட்டது. "என்னம்மா இது, கணக்கு நோட்டா?" என்றார். அப்பா எழுதியது என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அவர் நோட்டை வாங்கி ஓரத்தை மோந்து பார்த்தார். "வெயில்ல மட்டும் வச்சிராத. அப்பளமா சுருண்டுக்கும். நாலு மணிக்கு மேல எடுத்துக்கிட்டு வா" என்றார்.

நாலு மணிக்குப் போனேன். துணிக்காரர்களை அனுப்பிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். விரிப்பின்மேல் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் போட்டார். செய்தித்தாளை நடுவில் வைக்கலாமா என்று கேட்டேன். "அச்சு மை இதுல ஏறிடும்" என்றார். பெட்டி மூடியைத் திறந்து சாம்பலை ஊதித் தள்ளினார். ஒரு பொட்டு சாம்பல் பக்கத்தில் விழக் கூடாது என்று வண்டியைவிட்டு நாலடி தள்ளிப்போய் ஊதினார். சூடு பார்க்கப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் விசிறி வைத்து நோட்டின் ஓரத்தில் காற்றுப் போகவிட்டு, விரல் நகத்தால் முதல் பக்கத்தைத் தூக்கினார். கிழியவில்லை. அதன்மேல் இன்னொரு வெள்ளைத் துணியைப் போட்டு, அழுத்தாமல், பெட்டியின் கனத்தை மட்டும் வைத்து எடுத்தார். ஆவி எழும்பியது. துணியை நீக்கினால் அப்பாவின் எழுத்து இருந்தது. பால் பாயிண்ட் பேனாவில் எழுதியது அப்படியே இருந்தது.

"படிம்மா, என்ன எழுதியிருக்காரு?" என்றார். அவர் தேய்க்கத் தேய்க்க நான் படித்தேன்.

"நீளம் 164 அடி. அகலம் 157. உயரம் 59. பெரிய தூண் 24. நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஏன்னா கோயிலுக்குக் கை இருக்கு." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அந்த வாரத்தில் முதல் முறையாக. மேலே இருந்து பார்த்தால் கோயில் சிலுவை வடிவம், இரண்டு பக்கமும் கை நீட்டியது மாதிரி. பங்கு மலர் இதையே ஐம்பது மீட்டர், நாற்பத்தெட்டு மீட்டர் என்று போட்டிருக்கும். அப்பாவின் கணக்கில் அதற்குக் கை முளைத்துவிட்டது.

"1902இல் வேலை ஆரம்பம். கான்டி ஆண்டகை காலம். 1907 டிசம்பரில் முதல் பூசை. கலவை மிஷின் இல்லை." கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். கான்டி ஆண்டகை அப்போது புதுச்சேரிப் பேராயர். மற்ற கோயில்களையும் விடவில்லை. சம்பா கோயிலுக்கு 1791 என்றும் கப்ஸ் கோயிலுக்கு 1855 என்றும் வருடம் குறித்து, கப்ஸ் கோயில் சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருக்கிறது, அதனால்தான் அந்த மழமழப்பு என்று எழுதியிருந்தார். கப்புசின் சாமியார்களின் கோயில்தான் நம் வாயில் கப்ஸ் ஆனது என்பதையும் நான் அந்த நோட்டில்தான் முதலில் படித்தேன். அதற்குக் கீழே, "சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்ட் விடாது. பழைய சுவத்துல சிமெண்ட் பூசாதே." யாருக்கு எழுதினாரோ தெரியவில்லை.

அடுத்த பக்கத்தில் பென்சிலில் ஒரு கூர்வளைவு. கோயிலுக்குள் போனால் எங்கே பார்த்தாலும் இருக்குமே, அந்த வளைவு. கவராயம் வைத்து இரண்டு பக்கமும் வில் போட்டு, மேலே இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி. அண்ணன் துணியை நீக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியை நிறுத்தினார். படத்தைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது நம்ம பெட்டி மாதிரியே இருக்கே."

அப்படியேதான் இருந்தது. பின்பக்கம் நேர்கோடு, இரண்டு பக்கமும் வளைந்து வந்து முன்னால் ஒரு கூர். சின்ன வயதிலிருந்து இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "பெட்டிக்கு மூக்கு கூரா இருந்தாத்தான் பொத்தான் இடுக்குல போகும். கோயிலுக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

பதில் படத்துக்குக் கீழேயே இருந்தது. "அரைவட்ட வளைவு பாரத்தை வாங்கி ரெண்டு பக்கமும் உதைக்கும். கூர்வளைவில் உதை கம்மி. பாரம் கீழே இறங்கும், தூணுக்குப் போகும். அதனால சுவரைக் குறைச்சு ஜன்னலைப் பெரிசாக்கலாம். கண்ணாடி வெச்சது வளைவு குடுத்த இடத்துல." அண்ணன் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரும் நாள் முழுக்க பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். அவருக்கு இது உடனே பிடிபட்டது. கல்லூரியில் படித்த எனக்கு அப்பா உயிரோடு இருந்தபோது எத்தனை முறை சொல்லியும் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு இருட்டும்வரை இருபது பக்கம்தான் முடிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் நாலு மணிக்கு நோட்டைப் பார்த்தார். அந்தக் கரியில் எத்தனை சட்டை தேய்த்திருப்பார், எவ்வளவு காசு பார்த்திருப்பார் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. அதை மூன்றாம் நாள் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணம் நீட்டினேன். "துணிக்குத்தாம்மா ரேட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

கடைசிப் பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை. வண்ணக் கண்ணாடிகளை அப்பா ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து வைத்திருந்தார். கோயிலில் அப்படி 28 கண்ணாடிப் படங்கள், எல்லாம் இயேசுவின் திருஇருதய பக்தியோடு சேர்ந்த புனிதர்கள். அப்பா பதினொன்றுதான் வரைந்திருந்தார். தண்ணீரில் அந்தப் பதினொன்றும் கரைந்து, சிவப்பும் நீலமும் ஒன்றாகிக் கத்திரிப்பூ நிறத்தில் வெறும் கறையாக இருந்தன. அண்ணன் ஒவ்வொரு பக்கத்தையும் பொறுமையாகத் தேய்த்துக் காயவைத்தார், ஏதாவது ஒரு கோடாவது தெரியுமா என்று. தெரியவில்லை. அவருக்கு என்னைவிட வருத்தம். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "கண்ணாடி அங்கதான இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நீ போய் வரஞ்சுக்கோ" என்றார்.

போகத்தான் போகிறேன். வரைய எனக்கு வராது, ஆனாலும் வரைவேன். வெயில் கண்ணாடியில் விழுகிற நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக உட்கார்ந்து வரைவேன். அப்பா விட்ட பதினேழையும் சேர்த்து இருபத்தெட்டு. எழுத்துப் பக்கங்களை நல்ல நோட்டில் பிரதி எடுத்து, ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடம் கொடுப்பேன். அவர்தான் வாசலுக்கு மேலே இருக்கிற லத்தீன் வரிக்கு எனக்கு அர்த்தம் சொன்னார். அப்பா அந்த எழுத்துகளை அர்த்தம் தெரியாமல் படம் மாதிரி பார்த்து வரைந்து வைத்திருந்தார். பைபிளின் குறிப்பேட்டு நூலில் சாலமோனுக்கு ஆண்டவர் சொல்வது அது. இந்த இல்லத்தை நான் புனிதப்படுத்தினேன், என் பெயர் எந்நாளும் இங்கே இருக்கும் என்று அர்த்தமாம். நாற்பது வருடம் அந்த வரிக்குக் கீழே நடந்துபோன மனிதர்.

கோயில் கணக்கின் கடைசி வரி, "2011. பசிலிக்கா ஆனது. டிசம்பர் 30 தானே புயல்." பசிலிக்கா என்பது போப்பாண்டவர் ஒரு கோயிலுக்குத் தருகிற சிறப்புப் பட்டம். அந்த வரிக்குப் பிறகு அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. மீதிப் பக்கங்கள் காலி. இந்த வருடத்தை அதில் நான் எழுதினேன். புயலின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே அண்ணன் மூன்று சாயங்காலம் இந்த நோட்டைத் தேய்த்ததை எழுதினேன். அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். இங்கே போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

நேற்று அவருக்குப் புது வேட்டியும் விரிப்பும் வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கண்ணாடிப் பக்கங்களைத் தேய்த்ததில் ஸ்கெட்ச் பேனா சாயம் எல்லாம் அவர் வேட்டியில் ஏறிவிட்டது. சிவப்பும் நீலமும் அங்கங்கே மஞ்சளும். வேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். விரிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டிமேல் கிடந்த கம்பளியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். சாயம் ஏறிய பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் போட்டு, அதற்குமேல் கம்பளியை விரித்திருக்கிறார். நம் தெருச் சட்டைகள் எல்லாம் இப்போது அதன்மேல்தான் தேய்கின்றன.

நன்றி அண்ணே.