குளத்தங்கரை ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

பறவை எண்ணப் பிள்ளைகளைக் கூட்டிப்போன அன்று காலை, என் வகுப்புப் பையன் ஒருவன் குளத்துப் பள்ளத்தில் விழுந்தது ஊரறிந்த கதை. மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. பையன் நன்றாக இருக்கிறான். திங்கட்கிழமை வகுப்பில் கொட்டாவி விட்டான்; முதல் முறையாக நான் அதற்குத் திட்டவில்லை.

தெர்மாகோல் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்த மீன்பிடிக்கும் தம்பிகள், மடை பார்க்கும் அண்ணாச்சி, 108 ஊழியர்கள், இரவெல்லாம் கூடவே நின்ற செவிலியர், எங்களைத் திட்டாத பெற்றோர் எல்லோருக்கும் நன்றி. நாரைகள் உட்கார நடுக்குளத்தில் மண்திட்டு போட்டால், மண் அள்ளிய பள்ளம் பக்கத்திலேயே தண்ணீருக்குள் கிடக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டியது, நாட்டுக் கருவேலம் நட்டது என்று குளச் சீரமைப்பைப் பற்றி அரைமணி நேரம் பாடம் நடத்திய நான் அந்தப் பள்ளத்தைச் சொல்லாமல் விட்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஆச்சிக்கு.

எல்லோரும் வண்டிக்குப் பின்னால் ஓடினோம். பறவைக் கணக்கு எழுதிய நோட்டு சேற்றில் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் செருப்புகளை எடுக்கப் போனபோது ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பழைய சேலையை விரித்து, அதன்மேல் தாள் தாளாக எங்கள் நோட்டு. சொம்பில் கொதிநீர் ஊற்றி, இஸ்திரி போடுவது மாதிரி ஒவ்வொன்றையும் தேய்த்துக்கொண்டிருந்தார். பென்சிலில் எழுதச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. முக்குளிப்பானும் நாமக்கோழியும் பத்துப் பத்தாகக் கோடு போட்டபடி அப்படியே இருந்தன.

“இது எதுக்கு ஆச்சி, விடுங்க” என்றேன்.

“ஏன் தாயி, எண்ணின பறவை திரும்ப வந்து வரிசையிலயா நிக்கும்?” என்றார்.

ஆச்சி பிறந்த ஊர் கூந்தன்குளமாம். 1994-இல் பறவைகள் சரணாலயம், 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிப்பு என்று நான் பாடமாகச் சொல்வேன். அவருக்கு அது முற்றத்து மரத்தில் கூடு கட்டும் நாரை, பறவை பயந்துவிடும் என்று வெடி இல்லாமல் கழித்த தீபாவளி. எழுதப் படிக்கத் தெரியாதவர், எங்கள் எழுத்தை எங்களைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த முறை அண்ணாச்சி முன்னால் நடந்து கரையையும் பள்ளத்தையும் காட்டாமல் ஒரு பிள்ளையின் காலும் தண்ணீரில் படாது. இது சத்தியம்.

அப்புறம் ஆச்சி, ஒரு தாளின் மூலை கிழிந்ததைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். கூழைக்கடா 46-ஆ, 146-ஆ என்பது அந்தப் பருக்கைக்கு அடியில் இருக்கிறது. பிய்க்க மனம் வரவில்லை. ஜனவரியில் வந்து உங்களோடு எண்ணிக்கொள்கிறோம்.