"அப்புறம் அவர் என்ன பண்ணாரு மிஸ்?" – பெற்றோர்களுக்குத் தலைமை ஆசிரியை கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

நவம்பர் 21 அன்னிக்கு காலைல பிரேயர்ல உம்ராவ் சிங் பத்தி நான் பேசினத பிள்ளைங்க வீட்ல வந்து சொல்லியிருப்பாங்க. அன்னிலேர்ந்து ஸ்கேல கடப்பாரை மாதிரி வீசி தம்பி தங்கச்சிய விரட்டிட்டு இருக்காங்கன்னு ரெண்டு அம்மா என்கிட்ட சொன்னாங்க. அது பிள்ளைங்க தப்பு இல்ல, நான் சொன்னதே பாதிக் கதைதான். மீதிய உங்க மூலமா சொல்லணும்னுதான் இந்தக் கடிதம். வழக்கமான சர்க்குலர் மாதிரி நாலு வரில முடியாது, பொறுமையா படிங்க.

நான் சொன்ன பாதி இதுதான். ஹரியானால ஜஜ்ஜர் பக்கம் பலரான்னு ஒரு சின்ன ஊர், அங்க 1920-ல பிறந்தவர் உம்ராவ் சிங். ரெண்டாம் உலகப் போர்ல நம்ம நாட்லேர்ந்து 25 லட்சம் பேர் பட்டாளத்துக்குப் போனாங்க, அதுல சுமார் 87,000 பேர் திரும்பி வரல. அந்தப் போர்ல இவர் பீரங்கிப் படைல ஹவில்தார். 1944 டிசம்பர் 15, 16 தேதில பர்மாவோட கலடான் பள்ளத்தாக்குல மேற்கு ஆப்பிரிக்கப் படைக்குத் துணையா இவரோட பீரங்கி முன்னாடி நிக்குது. ஜப்பான்காரங்க ஒன்றரை மணி நேரம் குண்டு மழை பொழிஞ்சுட்டு கூட்டமா ஏறி வர்றாங்க. முதல் தடவை விரட்டியாச்சு, இவருக்கு கையெறி குண்டுல காயம். ரெண்டாவது தடவையும் விரட்டியாச்சு, ஆனா இவரையும் இன்னும் ரெண்டு பேரையும் தவிர கூட இருந்தவங்க எல்லாரும் செத்துட்டாங்க. மூணாவது தடவை தோட்டா தீர்ந்து போச்சு. பீரங்கியத் தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு கனமான இரும்புக் கம்பி இருக்கும், கடப்பாரை மாதிரி, அத எடுத்துக்கிட்டு இறங்கிட்டார். ஆறு மணி நேரம் கழிச்சு நம்ம ஆளுங்க அந்த இடத்த மறுபடி பிடிச்சப்போ பீரங்கிக்குப் பக்கத்துல நினைவில்லாம கிடந்தார். தலைல பட்ட அடில முகமே அடையாளம் தெரியல, ஆனா கம்பிய மட்டும் கை விடல. சுத்தி பத்து ஜப்பான் வீரர்கள் செத்துக் கிடந்தாங்க. அந்த பீரங்கி அன்னிக்கே திரும்ப சுட ஆரம்பிச்சுது. 1945 அக்டோபர்ல லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைல ஆறாம் ஜார்ஜ் மன்னர் கையால விக்டோரியா கிராஸ் வாங்கினார், போர்ல காட்டின வீரத்துக்கு பிரிட்டன் கொடுக்கிற மிக உயர்ந்த மெடல் அது.

இதோட நிறுத்திட்டேன், பிள்ளைங்க கை தட்டினாங்க, பெல் அடிச்சாச்சு. கிளாஸுக்கு போற வழில ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் என் பக்கத்துல வந்து "அப்புறம் அவர் என்ன பண்ணாரு மிஸ்?"னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாருங்க, அந்த சண்டை நடந்தப்போ அவருக்கு வயசு 24, செத்தது 85 வயசுல. நடுவுல இருக்கிற அறுபது வருஷத்தப் பத்தி நான் ஒரு வார்த்தை கூட சொல்லல, எனக்கே சரியா தெரியாது. அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன்.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ராணுவத்துலயும் வேலை பார்த்துட்டு ஹானரரி கேப்டன் பட்டத்தோட ஊருக்குத் திரும்பி வந்திருக்கார். பெரிய வேலை, பெரிய வீடுன்னு எதுவும் இல்ல. குடும்பத்துக்கு இருந்தது ரெண்டு ஏக்கர் நிலம், அதுல விவசாயம். அந்த மெடல விலைக்குக் கேட்டு பெரிய பெரிய தொகை பேசியிருக்காங்க, காசு தேவைப்படாத வீடும் இல்ல அது. கொடுக்க மாட்டேன்னுட்டார். காரணம் என்ன சொன்னார்னா, இத வித்தா அன்னிக்கு அங்க செத்துப் போனவங்களோட மானத்துக்குக் களங்கம்னு.

இதப் படிச்சதும் எனக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல. நான் மேடைல நின்னு பத்து பேர் செத்துக் கிடந்தத குரல உயர்த்திச் சொன்னேன், அவரோ அந்த மெடலப் பார்க்கிறப்போ தன் பக்கத்துல விழுந்த கூட்டாளிங்களத்தான் நினைச்சிருக்கார்.

இன்னொன்னு. 1995-ல போர் முடிஞ்ச 50-வது வருஷ விழாவுக்கு லண்டன் போயிருக்கார். முக்கிய விருந்தாளிங்க கூடாரத்துக்குள்ள போக விடல, லிஸ்ட்ல பேர் இல்லையாம். விழா ஏற்பாட்ட கவனிச்ச பிரிகேடியர் ஒருத்தர் இவர் நெஞ்சுல இருந்த மெடல அடையாளம் கண்டுபிடிச்ச பிறகுதான் உள்ள விட்டாங்க. உள்ள போனவர் அப்போதைய பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர்கிட்டயே நேரா பேசிட்டார். இந்தியால இருக்கிற விக்டோரியா கிராஸ் வீரர்களுக்கு வருஷத்துக்கு 168 பவுண்டு கொடுத்துட்டு இருந்தாங்க, மாசக் கணக்குல 14 பவுண்டு, 1960-லேர்ந்து 35 வருஷமா அது ஏறவே இல்ல. இவர் கேட்ட கொஞ்ச நாள்ல அது 1,300 பவுண்டு ஆச்சு, இவருக்கு மட்டும் இல்ல, மத்தவங்களுக்கும் சேர்த்து. கம்பியப் பிடிச்சு நின்ன அந்த ராத்திரிக்கு இது கொஞ்சமும் குறைஞ்சது இல்லன்னு நான் நினைக்கிறேன். 74 வயசுல, வெளிநாட்ல, வாசல்ல நிறுத்தி வச்ச பிறகும் உள்ள போய் எல்லாருக்காகவும் கேட்டிருக்கார்.

2005 நவம்பர் 21, அவரோட 85-வது பிறந்தநாள் அன்னிக்கே டெல்லி ராணுவ மருத்துவமனைல இறந்துட்டார். அதனாலதான் நம்ம பிரேயர்ல அந்த தேதி. விக்டோரியா கிராஸ் வாங்கின இந்தியர்ல அப்போ உயிரோட மிஞ்சியிருந்தவர் அவர் ஒருத்தர்தான். சொந்த ஊரான பலராவுலயே ராணுவ மரியாதையோட தகனம் பண்ணாங்க, ராணுவத் தளபதி ஜே.ஜே. சிங்கும் ஹரியானா முதல்வர் ஹூடாவும் வந்திருந்தாங்க.

இப்போ உங்ககிட்ட கேட்க வந்த விஷயத்துக்கு வரேன். டிசம்பர் 7 கொடி நாள். வருஷா வருஷம் பிள்ளைங்க கொடி ஸ்டிக்கர் கொண்டு வருவாங்க, நாமளும் காசு கொடுத்துட்டு வேற வேலைய பார்க்கப் போயிடுவோம். இந்த வருஷம் அது யாருக்குப் போகுதுன்னு ஒரு அஞ்சு நிமிஷம் பிள்ளைங்ககிட்ட பேசுங்க. போர்ல கணவன இழந்தவங்க, கை கால் போனவங்க, ஓய்வு பெற்ற வீரர்கள், அவங்க குடும்பம். சிப்பாயா சேர்றவங்கள்ல நிறைய பேர் முப்பத்தஞ்சு, நாற்பது வயசுக்குள்ளயே வெளிய வந்துடறாங்க. நம்ம பிள்ளைங்க படிக்கிற வயசுல அவங்க பிள்ளைங்களும் படிச்சுட்டு இருக்கும், திரும்ப முதல்லேர்ந்து ஒரு வேலை தேடணும். ஏதாவது ஒரு கேட்ல செக்யூரிட்டியா நின்னு நமக்கு சல்யூட் வைக்கிறவர்ல எத்தனை பேர் பட்டாளத்துக்காரர்னு நாம கேட்டதே இல்ல.

உங்க வீட்ல தாத்தா, அப்பா, சித்தப்பா, மாமான்னு யாராவது ராணுவத்துல இருந்தவங்க இருந்தா, அவங்களுக்கு சம்மதம்னா மட்டும், டிசம்பர் 7 மதியம் ஸ்கூலுக்கு வந்து ஒரு அரை மணி நேரம் பிள்ளைங்ககூட உக்காந்து பேசச் சொல்லுங்க. சண்டைக் கதை கட்டாயம் இல்ல. லீவுக்கு ஊருக்கு வந்தது, லெட்டர் எழுதினது, யூனிஃபார்ம கழட்டின மறுநாள் காலைல எழுந்து என்ன பண்ணாங்க, இதெல்லாம் போதும். மெடல் இருக்கணும்னு இல்ல, டிரைவரா இருந்தாலும் சமையல்காரரா இருந்தாலும் வரலாம். பேர வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட கொடுத்துடுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். "நீங்க எத்தனை பேர கொன்னீங்க?"னு அவங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு வீட்லயே சொல்லி அனுப்புங்க, நானும் பிரேயர்ல சொல்றேன். வேற என்ன கேட்கலாம்னு பசங்க கேட்டா, கூட இருந்த ஃப்ரெண்ட்ஸ் பேரக் கேட்கச் சொல்லுங்க. அந்த ஆறாம் வகுப்புப் பையன்கிட்ட மீதிக் கதைய நேத்து சொன்னேன். "ரெண்டு ஏக்கர்ல என்ன மிஸ் போட்டிருப்பாரு?"னு அடுத்த கேள்விய கேட்டுட்டான், அதையும் தேடிட்டு இருக்கேன்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை