2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை (ஜெர்மனியின் ஸ்டுட்கர்ட் நகரில் நடந்த தமிழ்ச் சங்கப் பொதுக்குழுவில் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைச் சந்திப்பு, தீபாவளி ஆகிய நான்கும் வழக்கம்போல் நடந்தேறின. ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் பேருந்து ஏற்பாடு செய்தோம். தமிழ் வகுப்புகள் தொடர்கின்றன.

இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை என்று நான் கருதுவது ‘புதியவர் துணை’த் திட்டம். செயற்குழுவில் இதைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைஹிங்கன் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்க வருபவர்கள், சிண்டல்ஃபிங்கன் பக்கம் வேலைக்கு வருபவர்கள், கணவரோடோ மனைவியோடோ சேர வருபவர்கள் என ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு பற்றியெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்பதற்குத்தான் பதில் இல்லை. கடைகள் பூட்டிக் கிடக்கும், டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். “சும்மா வீட்டுக்கு வாங்க” என்று கூப்பிட ஓர் ஆள் அப்போதுதான் தேவைப்படுகிறது.

விழாவுக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், நாலு பேரிடம் நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த விழா வரை யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறுவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும்; நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல். ஆண்டுக்கு நாலு விழா நடத்தி இந்தக் கணக்கை எப்போது முடிப்பது?

அதனால்தான் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பத்தைத் துணையாக ஏற்பாடு செய்தோம். கூடவே சனிக்கிழமை காலையில் மாக்ஸ் ஐத் ஏரியைச் சுற்றி நடை. மழையோ பனியோ, அதே இடம், அதே நேரம். நடந்துகொண்டே பேசும்போது தயக்கம் குறைவதைக் கண்ணால் பார்த்தேன். எதிரே உட்கார வைத்துப் பேசச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளைகள்கூட இரண்டாம் சுற்றில் வீட்டுக் கதையெல்லாம் சொல்கிறார்கள்.

தமிழர்களோடு மட்டும் பழகினால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. மாடிப்படியைப் பெருக்கும் ‘கேர்வோகே’ முறை தங்களுக்கு வரும்போது அதைத் தட்டிக்கழிக்காமல் செய்யுங்கள், பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வையுங்கள், பிறந்த நாளுக்கு முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், இங்கே அதை அபசகுனமாக நினைப்பார்கள் என்றெல்லாம் நடையின்போதே சொல்லித் தருகிறோம். 1888இல் தொடங்கிய ஷ்வேபிய ஆல்ப் மலைநடைச் சங்கத்தோடு போய்வந்த இருவர் அங்கேயே உறுப்பினராகிவிட்டார்கள். ஃபைஹிங்கனில் இருக்கும் ஒரு தங்கை, பார்சல் வாங்கி வைத்த பழக்கத்தில், இன்று கீழ்வீட்டு அம்மாவிடம் ஜெர்மன் பேசப் பழகுகிறார். எனக்கு இதைவிடப் பெரிய விழா இல்லை.

இனி, வருத்தமான செய்தி. துணைக் குடும்பமாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. நவம்பரில் ஒரு மாணவர் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தில் நெடுநேரம் காத்திருந்தார். அழைத்துப்போவதாகச் சொன்னவரின் கைபேசி அணைந்திருந்தது. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். அந்தப் பிள்ளை அதன்பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. நம்மில் பலரை முதல் நாள் விமான நிலையத்தில் யாரோ ஓர் அண்ணனோ அக்காவோ வந்து அழைத்துப்போனார்கள். அந்தக் கடனை அவர்களிடம் திருப்பித் தர முடியாது. அடுத்து வருபவருக்குத்தான் தர முடியும்.

“நடைக்குச் சங்கம் எதற்கு, அதில் தரும் தேநீருக்குச் சங்கப் பணம் எதற்கு?” என்று செயற்குழுவில் கேட்டார்கள். தீபாவளி மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் அந்தத் தேநீர்ச் செலவு ஒரு பொருட்டே அல்ல.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கையாளர் இருவரும் பார்த்துவிட்டார்கள். குறைவுக்குக் காரணம் வெளிப்படை. குடும்பத்தோடு தீபாவளி விருந்துக்கு வந்தவர்களில் பலர் இரண்டு ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. நினைவூட்டல் மூன்று முறை அனுப்பியாயிற்று. முதல் ஆண்டு மாணவர்களிடம் சந்தா கேட்க வேண்டாம் என்ற என் முன்மொழிவு நிலுவையில் உள்ளது. வேலையில் நிலைத்தவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் அது நடக்கும்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் விழாச் சமையலில் உதவிய சகோதர சகோதரிகளுக்கும் மண்டபம் தந்த நகராட்சிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன். சனிக்கிழமை நடையை நடத்த இப்போது நானும் இன்னும் ஒருவரும் மட்டுமே இருக்கிறோம். பொறுப்பைத் தொடர எனக்குத் தயக்கமில்லை. ஆனால் துணைச் செயலாளர் ஒருவரும், சொன்ன சொல்லைக் காக்கும் பத்துக் குடும்பங்களும் கிடைக்காவிட்டால் கோடைக்குப் பிறகு திட்டத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. கோடைக்காலப் பருவத்துக்கு வரும் மாணவர்கள் மார்ச் கடைசியில் வந்து இறங்குவார்கள். பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சாப்பாடு போட முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பிப்ரவரி முடிவதற்குள் வங்கி வழியாகச் செலுத்திவிடுங்கள்.

செயலாளர்