சின்னம்மாவுக்கு: பாப்பா பாடப் போகிறாள்

சின்னம்மா,

பாப்பாவுக்குச் சரி சொல்லிவிட்டேன். டிவி பாட்டுப் போட்டிக்கு அவள் போகிறாள். நாட்டுப்புறப் பாட்டுத்தான் பாடப் போகிறாள், அதுவும் உன் பாட்டு. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். தம்பிதான் உனக்கு வாசித்துக் காட்டுவான். ஊரிலும் சொந்தத்திலும் நாலு பேர் படிப்பார்கள். அது தெரிந்ததால் சில விஷயங்களைத் தொடாமல் விடுகிறேன். எவை என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "பரவை முனியம்மாவைப் பாத்துமா புள்ளைய அனுப்புற?" என்றாய். நாளை மறுநாள் மார்ச் 29, அந்த நாட்டுப்புறப் பாட்டுக்கார அம்மா இறந்து போன நாள். வருஷா வருஷம் அன்றைக்கு யாராவது அவர் படத்தைப் போட்டு, வறுமையில் வாடி மறைந்தவர் என்று ஒரு வரி எழுதுவார்கள். நீயும் அதையேதான் சொன்னாய். மற்றவர்கள் சொல்லட்டும். நீ எப்படிச் சொல்லலாம்? 2003 பொங்கலுக்கு 'தூள்' படத்தை நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தோமே.

நீ வர மாட்டேன் என்றாய். விக்ரம் படமெல்லாம் எனக்கெதுக்கு என்றாய். அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தாள். ஆற்றைக் கெடுக்கிற தொழிற்சாலையைப் பற்றி முறையிட ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களில் ஒரு கிழவியாக முனியம்மா வந்தார். முதலில் நீ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, முறுக்கு தின்றுகொண்டிருந்தாய். அப்புறம் சண்டை வந்தது. விக்ரம் அடிக்க, அந்தக் கிழவி எழுந்து பாட ஆரம்பித்தார். வித்யாசாகர் எத்தனை வாத்தியம் வைத்திருந்தாலும் அந்தக் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. வயல்காட்டில் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குப் பாடிப் பழகிய தொண்டை அது. தியேட்டரே விசிலடித்தது. அந்த விசிலுக்கு நடுவே பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குலவை கேட்டது. நீதான்! முறுக்குப் பொட்டலம் மடியிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் குலவை போட்டாய். முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா உன் தொடையைக் கிள்ளினாள். நீ நிறுத்தவில்லை, பாட்டு முடிகிற வரைக்கும் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாய்.

ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினோம். விளாங்குடி தாண்டிப் பரவை வந்ததும் ஜன்னல் பக்கம் இருந்த என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாய். "இந்த ஊர்க்காரிதான்டி" என்றாய், உன் பெரியம்மா மகளைச் சொல்கிற மாதிரி. சமயநல்லூர் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாய். "நானாயிருந்தா கடைசி அடிய இன்னும் ஒரு கட்டை ஏத்திப் பாடியிருப்பேன்." சொல்லவே இல்லை என்று இப்போது நீ மறுக்கலாம். எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட நீதான், வீடு தேடி வந்து பாடக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாய். தொண்டைக்கு ஒன்றுமில்லை. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் உன் குரலை ஊருக்கே கொடுக்காமல் வைத்துவிட்டாய் என்று எனக்கு உன் மேல் கோபம் உண்டு. சொன்னவர்கள் மேல் உள்ளதைவிடக் கேட்டுக்கொண்ட உன் மேல்தான் அதிகம். இதைச் சொல்வதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

முனியம்மாவுக்கு மட்டும் எல்லாம் சுலபமாகவா இருந்தது? கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் ராத்திரி ராத்திரியாக மேடை ஏறிப் பாடிய பிறகுதான், 60 வயது வாக்கில், சினிமா அவரைக் கண்டுபிடித்தது. கொல்லங்குடி கருப்பாயிக்கும் அதேதான், வானொலியில் அத்தனை பாடிய பிறகு 1985இல் 'ஆண் பாவம்' வந்தது. நம் பக்கத்துப் பாட்டுக்காரிகளைப் பாட்டியான பிறகுதான் சினிமா கூப்பிடுகிறது, பாட்டி வேஷத்துக்கு. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் கிடைத்த இடத்தில் முனியம்மா என்ன செய்தார் என்று பார். 2010இல் 'தமிழ்ப் படம்' வந்தபோது கதாநாயகனின் பாட்டியாக வந்து சிரிக்க வைத்தார். 2014இல் 'மான் கராத்தே'யில் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து ராயபுரம் பீட்டர் பாட்டைப் பாடினார். இசை அனிருத், கேட்டவர்களெல்லாம் காலேஜ் பிள்ளைகள். அந்த வயதில் அந்தத் தாளத்தில் நிற்பது லேசான காரியமா?

கலைஞர் டிவியில் அவர் கிராமத்துச் சமையல் செய்ததைப் பார்த்து, "பாட்டுக்காரி கையில கரண்டியக் குடுத்துட்டானுங்க" என்று நீ திட்டினாய். உன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எனக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கும். டிவியில் பேச வருகிற பெண் என்றாலே இளவயது, பட்டணத்துத் தமிழ் என்று இருந்த காலம். அங்கே ஒரு கிழவி நம் மதுரைப் பேச்சை மாற்றாமல், தானே ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். அவரைப் பார்த்துத்தான் என் மாமியார் தன் ஊர்க் குழம்பை வெட்கப்படாமல் விருந்தாளிக்கு வைக்க ஆரம்பித்தார். டிவிக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, 'மான் கராத்தே'க்கு அடுத்த வருஷம் நடந்ததற்கு வருகிறேன். நீ பிடித்துக்கொண்டிருப்பதே அதைத்தானே. 2015இல் அவர் உடம்பு முடியாமல், பணமில்லாமல் கஷ்டப்படுகிறார் என்று செய்தி வந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா 6 லட்ச ரூபாயை அவர் பெயரில் போட்டு, மாதா மாதம் வட்டி வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார். தனக்குப் பிறகு அந்த உதவி தன் பிள்ளைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதும் செய்தியில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது.

ஆனால் பாடப் போனதால்தான் இந்தக் கஷ்டம் என்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்தில் பாடுகிறவர்களின் பிழைப்பு உனக்குத் தெரியாததா? திருவிழா மாதங்களில் தூக்கமில்லாத வேலை, மற்ற மாதங்களில் ஒன்றுமில்லை. குழுவுக்குப் பேசிய தொகையை எல்லோருக்கும் பிரித்தால் கையில் வருவது பஸ் காசு போகக் கொஞ்சம். கேசட் காலத்தில் பெரும்பாலும் ஒரே தடவை ஒரு தொகை, அப்புறம் அந்த கேசட் எத்தனை டீக்கடையில் ஓடினாலும் பாடியவளுக்கு எதுவும் வராது. பாட்டு பாடுபட்டுக்கொண்டே இருக்கும், கூலி மட்டும் ஒரு நாளோடு நின்றுவிடும். இதற்கு என்ன செய்யலாம் என்று யோசிப்போமா, வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்போமா? நீ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாய், அதையே என் மகளுக்கும் சொல்கிறாய். பாடாமல் இருந்ததால் நீ என்ன பணக்காரியாகவா ஆகிவிட்டாய்?

கடுமையாக எழுதிவிட்டேன். அழிக்க மனமில்லை.

பாப்பா விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. பாடுகிறவர்களுக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கொடுத்த தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன், புரியாததைக் கேட்டேன், ஒரு இடத்தை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். பள்ளிக்கூடம் நிற்காது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசு நல வாரியம் வைத்திருக்கிறது, தம்பி பதிந்து தருகிறேன் என்று எத்தனை தடவை சொன்னான், நீ போட்டோ எடுக்கக்கூட உட்காரவில்லை. இவளுக்கு வயது வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்வேன். 2018இல் செந்தில் கணேஷ் நம் மண்ணின் பாட்டுகளைப் பாடியே சூப்பர் சிங்கரில் ஜெயித்ததை நீயும்தானே பார்த்தாய். அன்றைக்கு ராத்திரி நீயே எனக்கு போன் பண்ணினாய். ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

உன்னைக் கேட்காமல் உன் பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அதே பாட்டைத்தான் அம்மாவும் வயலில் பாடினாள், ஆச்சியும் பாடினாள். கேட்க வேண்டும் என்றால் எத்தனை பேரைக் கேட்பது? இல்லை, கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்றுதான் கேட்கவில்லை.

முனியம்மா இறந்த அன்று நீ அழுதது எனக்குத் தெரியும். 2020, ஊரடங்கு போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் போலீஸ் நின்றது. "பரவைக்கு நடந்தே போயிருவேன், விட மாட்டேங்கிறானே, ஒரு ஒப்பாரி வைக்கணும்டி அவளுக்கு" என்றாய். அவரை வெறுத்தவள் பேசுகிற பேச்சா அது? அவர் பிழைப்பைப் பார்த்துப் பயந்தவள் மட்டும் பேசுகிற பேச்சும் இல்லை. அந்த ஒப்பாரியை நீ எப்போதாவது பாடினாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நடவுப் பாட்டில் மூன்றாவது அடிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டது, அம்மாவும் இல்லை. நாற்றை முடி பிரிக்கிற இடத்தில் ஒரு இழுப்பு வருமே, அது உனக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைக்குள் தம்பி போனில் பாடி அனுப்பு. இருமல் வந்தால் வரட்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்கு. நீ அனுப்பாவிட்டாலும் தெரிந்த வரைக்கும் பாடிவிட்டுத்தான் பாப்பா மேடையிலிருந்து இறங்குவாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வாள். அதை நீ தடுக்க முடியாது, சொல்லிவிட்டேன்.